மாதிரி விமானமும் வழிந்த பசையும்

தெர்மகோல் துண்டின் மீது நகப்பூச்சு நீக்கும் திரவத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? அசிட்டோன் கலந்த திரவமாக இருந்தால், சொட்டு விழுந்த இடம் உடனே அமுங்கிக் குழியாகும். தெர்மகோல் எரியவில்லை, ஆவியாகிப் போகவும் இல்லை. அதனுள் அடைபட்டிருந்த காற்று வெளியேற, எஞ்சிய சிறிதளவு பிளாஸ்டிக் பிசுபிசுப்பாகக் குழியின் அடியில் படிந்துவிட்டது. அந்தப் பிளாஸ்டிக்கின் பெயர் பாலிஸ்டைரீன்.

பெட்டியில் உறுப்பு உறுப்பாக வரும் மாதிரி விமானங்களும் கப்பல்களும் பெரும்பாலும் இதே பாலிஸ்டைரீனால் ஆனவைதாம். இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1952-ல் ‘கோல்டன் ஹைண்ட்’ என்ற கப்பலின் மாதிரியை இவ்வாறு வெளியிட்டது. இத்தகைய மாதிரியை ஒட்டும்போது இணைப்பின் ஓரத்தில் பசை வழிவது வழக்கம். உடனே துணியால் துடைக்கக் கை பரபரக்கும். துடைக்கலாமா?

பசை என்ன செய்கிறது?

பாலிஸ்டைரீன் என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளின் தொகுதி. பிளாஸ்டிக்குகள் இப்படிப்பட்ட சங்கிலிகளே என்று 1920-ல் எடுத்துரைத்தவர் ஜெர்மானிய வேதியியலர் ஹெர்மன் ஸ்டாடிங்கர். 1953-ல் நோபல் பரிசு பெற்றார். அறை வெப்பநிலையில் இச்சங்கிலிகள் அசைய முடியாமல் இறுகிக் கிடக்கின்றன. ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் நெகிழ்கின்றன.

மாதிரிகளுக்கான பசையில் உள்ள கரைப்பான், சூடின்றியே இந்த நெகிழ்ச்சியைத் தருகிறது. அது சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவற்றை விலக்குகிறது. இரு உறுப்புகளின் சங்கிலிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. பிறகு கரைப்பான் ஆவியாகிவிட, இரண்டும் ஒரே பிளாஸ்டிக்காகின்றன. எனவே வழிந்து நிற்கும் பசை, மேலே ஒட்டிய அழுக்கு அன்று. அதன் கீழிருப்பது விமானத்தின் இளகிய தோல். அதைத் துடைத்தால் இறக்கையின் நுண்ணிய கோடுகளும் ஆணித் தலைகளும் சேர்ந்து இழுபட்டு அழியும்.

குழாய்க்கு ஒரு விதி, விமானத்துக்கு ஒரு விதி

சேலத்திலிருந்து குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு ஒரு மலைப்பாதை செல்கிறது. குப்பனூர் போன்ற அடிவார ஊர்களில் தோட்டத்துக்கு பி.வி.சி. குழாய் இணைப்பவரைக் கவனியுங்கள். குழாயின் முனையில் ‘சொல்யூஷன்’ தடவி, செருகி, சற்றே திருகிப் பிடித்துக்கொள்வார். பிறகு வழிந்ததை உடனே துணியால் துடைத்துவிடுவார்! அந்தச் சொல்யூஷனும் கரைப்பான் பசையே. பிளாஸ்டிக் வேறு, தத்துவம் ஒன்று.

அவர் செய்வது சரியே. தேங்கிய கரைப்பான் குழாயின் சுவரை மேலும் இளக்கி வலுவைக் குறைக்கக்கூடும். குழாயின் மேற்பரப்பில் தீற்றல் விழுந்தால் யாருக்கும் கவலையில்லை. விமானத்திலோ மேற்பரப்புதான் எல்லாம். ஆகவே இங்கே துடைக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம்?

கரைப்பான் உள்ளிருந்து மேற்பரப்புக்கு விரவுதல் மூலமே வந்து சேர வேண்டும். விரவுதலுக்கு ஆகும் காலம், தோராயமாகத் தடிப்பின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தடிப்பு 2 மடங்கானால் காலம் 4 மடங்கு. 3 மடங்கானால் 9 மடங்கு. மேலே தோல் கட்டி உலர்ந்ததுபோல் தோன்றும் சொட்டு, உள்ளே இளகியே இருப்பது இதனால்தான். குறைந்தது ஓர் இரவாவது விட்டுவிடுங்கள். உறுப்புகளைத் தாங்கி வந்த சட்டத்தின் துண்டில் அதே அளவு சொட்டு ஒன்றை அதே நேரத்தில் வைத்தால், மறுநாள் அதை நகத்தால் அழுத்திச் சோதிக்கலாம்.

நீக்கும் முறை

நன்கு இறுகியபின் மேட்டைக் கூரிய அலகால் மெல்லச் சுரண்டுங்கள். அலகு உங்கள் விரலுக்கு எதிர்ப்புறம் நகரட்டும். அடுத்து, வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள். முதலில் 400 எண், பிறகு 600, இறுதியில் 1000. நீர் தூசியை அடக்கும். உராய்வின் வெப்பத்தால் பிளாஸ்டிக் இளகாமலும் காக்கும். பின்பு சோப்பு நீரில் கழுவி உலர்த்தினால், தூசியும் கைவிரல் எண்ணெயும் நீங்கி வண்ணம் நன்கு பற்றும்.

வண்ணம் மேட்டை மறைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். வண்ணப் படலம் மிக மெல்லியது. அது மேட்டின் மீது மேடாகவே படியும். மேலும், பரப்பு 1 டிகிரி சாய்ந்தால் எதிரொளிக்கும் கதிர் 2 டிகிரி திரும்பும் என்று ஒளியியலில் படித்திருப்பீர்கள். அதனால்தான் பளபளப்பான வண்ணத்தின்கீழ் சிறு மேடும் கண்ணில் உறுத்துகிறது. வண்ணம் தீட்டுமுன் விளக்கொளியைப் பக்கவாட்டில் சாய்வாக விழச் செய்து பாருங்கள். நிழல்கள் மேடுகளைக் காட்டிக்கொடுக்கும்.

பசை வேறானால்...

ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை நீரில் கலந்த பசை; பிளாஸ்டிக்கைக் கரைக்காது. அதை ஈரமாக இருக்கும்போதே நனைத்த துணியால் துடைத்துவிடலாம். நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை, காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தால் இறுகுகிறது. அசிட்டோன் அதைக் கரைக்கும். ஆனால் விமானத்தையும் சேர்த்துக் கரைத்துவிடும்! ஆகவே இதையும் இறுகியபின் தேய்த்தே நீக்க வேண்டும். இப்பசையைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ ஒருபோதும் துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டதும் அது மிக விரைவாக இறுகி, தோலைச் சுடும் அளவுக்கு வெப்பத்தை வெளிவிடும்.

கரைப்பான்களின் ஆவி எளிதில் தீப்பற்றும். சுவாசித்தால் தலைசுற்றலும் கேடும் தரும். சன்னல்களைத் திறந்து வைத்து, அடுப்புக்கும் விளக்குச் சுடருக்கும் தொலைவில், பெரியவர் ஒருவர் உடனிருக்க வேலை செய்யுங்கள்.

ஒரு சோதனையும் செய்து பாருங்கள். வீணான சட்டத் துண்டுகளில், ஒன்றில் மெல்லிய படலமாகவும் மற்றொன்றில் அதைப்போல் 2 மடங்கு தடிப்பாகவும் பசையை வையுங்கள். மணிக்கொரு முறை குண்டூசியால் குத்திப் பார்த்து, எது எப்போது முழுதும் இறுகியது எனக் குறியுங்கள். காலம் 4 மடங்குதானா? வேறுபட்டால், மேலே கட்டும் தோலுக்கு அதில் என்ன பங்கு என்று உங்கள் ஆசிரியருடன் கலந்து பேசுங்கள்.