படிவத்தில் இல்லாத இழப்பு

2018 ஆகஸ்டில் இடுக்கியில் செறுதோணி அணையின் ஐந்து மதகுகளும் உயர்த்தப்பட்டன. பாலக்காட்டின் நென்மாறா அருகே மலை சரிந்தது. நீர் வடிந்தபின், தவணைகளை ஒத்திவைப்பதும் பயிர்க்கடனைத் தவணைக்கடனாக மாற்றுவதும் வங்கியாளர்களாகிய எங்கள் பணியாயிற்று. படிவத்தில் பயிருக்கும் கறவை மாட்டுக்கும் கட்டங்கள் உண்டு. வீட்டைக் காத்த நாய்க்கு இல்லை.

அந்த இழப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டது ஒரு சிறுகதை. கொல்லம் ஆண்டு 1099இல், அதாவது 1924இல் வந்த பெருவெள்ளத்தைக் கேரள மக்கள் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்பர். மூணாறு ரயில்பாதையை அது அழித்தது. பாதை மீண்டும் அமைக்கப்படவேயில்லை. அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுவராக இருந்த தகழி சிவசங்கரப் பிள்ளை, பின்னாளில் 'வெள்ளத்தில்' என்னும் கதையை எழுதினார். குட்டநாட்டு உழைப்பாளி சேன்னன் குடும்பத்துடன் படகில் தப்புகிறான்; நாய் கூரைமேல் விடுபடுகிறது. கடந்து செல்லும் படகுகளை நோக்கி அது ஓலமிடுகிறது, திருட வந்தவர்களைப் பார்த்துக் குரைக்கிறது, இறுதியில் மடிகிறது. திரும்பி வந்த சேன்னன் ஒரு நாயின் உடலைக் காண்கிறான். தன்னுடையதுதானா என்று அவனுக்கு உறுதியாகத் தெரியவில்லை.

துயருற்றோர்க்கு இன்பமாக முடியும் கதையையே பலரும் பரிந்துரைப்பர். நாங்கள் அவ்வாறு எண்ணவில்லை. 'எல்லாம் சரியாகிவிடும்' என்போரிடம் தலையாட்டியே களைத்தவர்க்கு, அப்படிச் சொல்லாத கதையே நல்ல துணை. பெருநாவலைத் தாங்கும் மனம் அந்நாட்களில் இராது. இதுவோ சில பக்கங்களே. நிவாரண முகாமின் ஒரு பிற்பகல் போதும்.