ஃபாதர் காலில் ரத்தம்... அவருக்கே தெரியவில்லை!

ஆகஸ்ட் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கம். காவி உடை, கழுத்தில் ஜெபமாலை, மாதா சொரூபம் வைத்த தள்ளுவண்டி, ‘மரியே வாழ்க!’ என்ற குரல்... ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கோ, செப்டம்பர் 8 பெருவிழாவுக்கோ வேளாங்கண்ணி போய்ச் சேர நடக்கிற கூட்டம். சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல்!

அப்படி ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கிப் போன பங்குத்தந்தையைச் சந்தித்தோம். வயது 58. சர்க்கரை வந்து 12 வருடம். “பேரைப் போடாதீங்க, பங்கு மக்கள் கிண்டல் பண்ணுவாங்க” என்று சிரிக்கிறார்.

“வெறுங்காலோட நடக்கிறதா நேர்ந்துக்கிட்டேன். டாக்டர்கிட்ட சொன்னதும், கண்ணை மூடச் சொல்லிட்டு, உள்ளங்கால்ல நைலான் இழை மாதிரி ஒண்ணை வெச்சு ‘தெரியுதா?’ன்னு கேட்டுக்கிட்டே வந்தார். பத்து இடத்துல தொட்டாராம். எனக்கு நாலுதான் தெரிஞ்சது!”

சர்க்கரை பல வருடம் கட்டுக்குள் இல்லாவிட்டால் பாத நரம்புகள் மந்தமாகிவிடும். கல் குத்தினாலும் தார் ரோடு சுட்டாலும் தெரியாது. வலிக்கிற புண்ணைவிட வலிக்காத புண்தான் ஆபத்து. தெரியாமல் மேலும் மேலும் நடப்போம், சீழ் வைக்கும். விரலையே எடுக்க வேண்டிய நிலை பலருக்கு இப்படித்தான் வருகிறது.

ஒரு அடிகூட வெறுங்கால் கூடாது என்றார் டாக்டர். பழகிய ஷூ, பருத்தி சாக்ஸ், தினமும் ராத்திரி கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்ப்பது... இவ்வளவும் நிபந்தனை. நெடுந்தூர நடையில் சர்க்கரை இறங்கிவிடும் என்பதால் மாத்திரை அளவையும் மாற்றினார். (இதை நீங்களாகச் செய்துவிடாதீர்கள்!) சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ்.

“கூட வர்ற பாட்டியே செருப்பில்லாம நடக்குது. சாமியார் மட்டும் ஷூ! முதல் நாள் கூனிக் குறுகிப் போயிட்டேன்.”

ஆறாம் நாள் சிதம்பரம்.

“தலைவர்னா ராத்திரி ஓய்வு ஏது? ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தருக்குக் கொப்புளம், சாப்பாட்டு வண்டி வரலை... எல்லார் காலையும் பார்த்தேன். ரெண்டு நாளா என் காலை மட்டும் பார்க்கலை. ஷூவைக் கழட்டினப்போ கூட வந்த பையன்தான் அலறினான், ‘ஃபாதர், சாக்ஸ்ல ரத்தம்!’னு. எனக்குத் துளி வலி இல்லே.”

பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. ஷூவுக்குள் ஒரு சின்னக் கல். அத்தோடு நடை நின்றது. மீதித் தூரம் வேனில்.

“கோவில் வாசல்ல எல்லாரும் ‘நடந்தே வந்துட்டோம் தாயே’ன்னு கும்பிட்டாங்க. நான் ஓரமா நின்னு அழுதேன்.”

புண் ஆற ஏழு வாரம். ஜனவரியில், டாக்டர் சம்மதித்த பிறகு, பஸ்ஸில் சிதம்பரம் போய் இறங்கினார். சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் என்று விட்டுப்போன தூரத்தை நாலு நாளில் நடந்து முடித்தார். துணைக்கு ஒரே ஒரு ஆள். காவியும் இல்லை, கூட்டமும் இல்லை. மணிக்கொரு தரம் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி உதறி, பாதத்தைத் திருப்பிப் பார்ப்பார். “டீக்கடைக்காரங்க என்னைப் பைத்தியம்னே நெனைச்சிருப்பாங்க!”

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு: களைத்த காலை வெந்நீரில் ஊற வைப்பது. உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு இது கூடவே கூடாது. சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். கொப்புளத்தை ஊசியால் குத்துவதும் அப்படியே. யாத்திரைக்கென்று புது ஷூ வாங்குவதும் தவறு. ஒரு மாதமாவது போட்டுப் பழகியிருக்க வேண்டும்.

ஃபாதரின் குழுவில் இப்போது ஒரு புது ஏற்பாடு. இரவு ஜெபம் முடிந்ததும், ஒருவர் பாதத்தை இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஃபாதர் காலைப் பார்ப்பது, செருப்பில்லாமல் நடந்தாரே, அந்தப் பாட்டி!