பழைய ஸ்நூக்கர் கோல் என்ன விலை போகும்?

கையால் செய்த பழைய ஸ்நூக்கர் கோல்களுக்கு இங்கிலாந்தில் நல்ல கிராக்கி உண்டு. கைவேலையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளிர் நிற ஆஷ் மரத் தண்டும் கருங்காலிப் பிடியும் இணையும் இடத்தில், கறுப்பு நாக்குகள் மாதிரி நான்கு முனைகள் மேலேறும். அவை ஊசியாகக் கூர்ந்து ஒரே உயரத்தில் நின்றால் இயந்திர வேலை. நுனி வளைந்து, சற்றே ஏற்ற இறக்கமாக இருந்தால் பெரும்பாலும் கைவேலை. அந்தச் சின்ன ஏற்ற இறக்கத்துக்குத்தான் பணம்!

அடுத்து, பிடியில் பதித்த பெயர்த்தகடு. பரோஸ் அண்ட் வாட்ஸ், தர்ஸ்டன், ரைலி போன்ற பழைய நிறுவனங்களின் பெயரோ, ஜோ டேவிஸ் போன்ற சாம்பியனின் பெயரோ இருந்தால் சேகரிப்பாளர்கள் விடமாட்டார்கள். தண்டு கோணியிருந்தால், நீளத்தை வெட்டிக் குறைத்திருந்தால், தகட்டை மாற்றியிருந்தால் மதிப்பு இறங்கிவிடும். விற்பதற்கு முன் பளபளப்பாக்குகிறேன் என்று பழைய மெருகைத் தேய்த்து எடுப்பவர்கள், பணத்தையே தேய்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

தகடு தந்தமாக இருந்தால் சட்டமும் குறுக்கே வரும். பிரிட்டனில் 2022 ஜூன் முதல் அமலில் உள்ள சட்டப்படி, அப்படிப்பட்ட கோல் 1947க்கு முன் செய்யப்பட்டதாகவும், அதில் தந்தம் 10 சதவீதத்துக்கும் குறைவாகவும் இருக்க வேண்டும். அதை முறையாகப் பதிவு செய்த பிறகே விற்கலாம். இந்தியாவிலோ தந்த வியாபாரத்துக்கே தடை.