காளைக் கன்றும் நல்ல இறைச்சியும்: இனத்தைவிட முக்கியமானவை எவை?

மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி ஏற்பட்ட மண்சரிவுக்குப் பின்னர், இடம்பெயர்ந்த நம் குடும்பங்கள் சிறு காணித்துண்டுகளில் வாழ்க்கையை மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. இத்தகைய குடும்பத்துக்கு ஒரு கறவைப் பசு பெரும் துணை. ஆனால் பசு ஈனும் கன்றுகளில் ஏறக்குறைய பாதி காளைக் கன்றுகளே. பால் குடித்துச் செலவு வைக்கிறது என்று அதைச் சில நாட்களிலேயே அற்ப விலைக்குத் தள்ளிவிடுகிறோம். அதே கன்றைச் சரியாக வளர்த்தால் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளில் நல்ல இறைச்சி மாடாகும். மாட்டிறைச்சி வேண்டாம் என்ற வழக்கமுள்ள குடும்பங்கள் பாலோடு நிறுத்திக்கொள்ளலாம். வளர்த்து விற்க எண்ணுவோருக்கே இக்கட்டுரை.

1. இனம்

வெளிநாடுகளில் அங்கஸ், வாகியூ முதலிய இறைச்சி இனங்கள் புகழ்பெற்றவை. அவற்றைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. நம் பட்டிகளில் உள்ளவை பெரும்பாலும் பிறீசியன், ஜேர்சி, அயர்சயர் கலப்புகள். பிறீசியன் கலப்பு பெரிய உடல் கொண்டது. இறைச்சி அதிகம், கொழுப்புக் குறைவு. ஆனால் தீனி நிறைய வேண்டும். ஜேர்சி கலப்பு சிறியது. ஆயினும் தசைக்குள் கொழுப்பு இழையோடுவதால் இறைச்சி மெதுவாகவும் சுவையாகவும் இருக்கும். அதன் கொழுப்பு மஞ்சள் நிறமாயிருப்பதைக் கண்டு சிலர் கிழமாடு என்று எண்ணுவர். பச்சைப் புல்லில் உள்ள நிறச்சத்தே அதற்குக் காரணம், அது குறையன்று.

கீழே வெல்லவாய போன்ற வெப்பப் பகுதிகளுக்குச் சாகிவால் கலப்பும் நாட்டு மாடும் ஏற்றவை. திமிலுள்ள இந்த இனங்கள் வெயிலையும் உண்ணியையும் தாங்கும். ஆனால் இறைச்சி சற்றுக் கடினமாயிருக்கும். மெதுவான தீயில் நீண்ட நேரம் வேகவைத்தால் நல்ல சுவை தரும்.

2. கன்றுப் பருவம்

பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால் வயிறாரக் கிடைக்க வேண்டும். பின்பு கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் நாளாந்தம் தேவை. முப்பது கிலோ கன்றுக்கு மூன்று லீற்றர். இரண்டு மாதத்துக்கு 180 லீற்றர். இந்தப் பாலின் விலையைக் கணக்கிட்ட பின்னரே வளர்ப்பதா, விற்பதா என்று முடிவுசெய்ய வேண்டும். இளம் புல்லையும் சிறிது தவிட்டையும் முன்கூட்டியே பழக்கினால் பாலைப் படிப்படியாகக் குறைக்கலாம். பூச்சிமருந்து கொடுப்பது, சிறு வயதிலேயே காயடிப்பது ஆகியவற்றைக் கால்நடை வைத்தியரிடம் செய்வித்துக்கொள்ளுங்கள். காயடித்த மாடு அமைதியாயிருக்கும், விரைவாகக் கொழுக்கும்.

3. தீனி

மாடு தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பச்சைத் தீனி தின்னும். 200 கிலோ மாட்டுக்கு நாளொன்றுக்கு 20 கிலோ புல் வேண்டும். ஏழு பேர்ச் காணி அதற்குப் போதாது. எனவே வரப்புகளிலும் பாதையோரங்களிலும் சி.ஓ.3 புல், கினிப் புல் நடவேண்டும். சி.ஓ.3 கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய கலப்புப் புல். பத்தனை வெளிகளின் முற்றிய மானாப் புல்லை நம்ப வேண்டாம். அதில் சத்தும் குறைவு, மாடும் விரும்பாது. கிளிரிசிடியா இலையைச் சில மணி நேரம் வாடவிட்டுக் கொடுத்தால் அதன் மணம் குறையும், புரதமும் கிடைக்கும். களைநாசினி தெளித்த தேயிலை மலைகளில் புல் அறுக்கவே கூடாது.

புல்லில் மட்டும் வளர்ந்த மாட்டின் இறைச்சிக்குச் சுவை அழுத்தமாக இருக்கும். விற்பதற்கு முந்திய இரண்டு மூன்று மாதங்களில் தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, சோளம் சேர்த்தால் கொழுப்புப் பிடித்து இறைச்சி மெதுவாகும். திடீரென அதிகமாகக் கொடுத்தால் வயிறு புளித்து மாடு நோய்ப்படும். சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஊசிப்போன புண்ணாக்கும் மீன்தூளும் இறைச்சியில் வாடையை ஏற்றும். கடைசி மாதங்களில் அவற்றை விலக்குங்கள்.

4. கடைசி நாள்

இரண்டு ஆண்டு உழைப்பை ஒரு நாள் கெடுத்துவிடலாம். அடித்து விரட்டி, தண்ணீரின்றி லொறியில் ஏற்றிய மாட்டின் தசையிலுள்ள சர்க்கரைச் சத்து தீர்ந்துவிடும். அதனால் இறைச்சி கறுத்து, பிசுபிசுத்து, விரைவில் கெடும். தண்ணீர் கொடுத்து, இளைப்பாறவிட்டு, அமைதியாக நடத்துங்கள். அறுத்த இறைச்சியை அன்றே சமைப்பதைவிடக் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்துச் சமைத்தால் மெதுவாயிருக்கும்.

மாடுகளை அறுப்பதற்கும் கொண்டுசெல்வதற்கும் சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு. பசுவையும் பசுக்கன்றையும் குறித்து 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் சிறப்பாகக் கவனிக்கிறது. விற்குமுன் கால்நடை வைத்திய அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் கேட்டறியுங்கள்.

5. பட்டியும் மலைச்சரிவும்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மீரியபெத்தவைப் பற்றி 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆகவே பட்டி கட்டுவதற்காகச் சரிவை வெட்டாதீர்கள். பட்டிக் கழிவுநீரும் கூரைநீரும் மண்ணில் தேங்காமல் வாய்க்கால் வழியாக வெளியேறட்டும். சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட்ட புல் மேல்மண்ணைக் காக்கும். ஆனால் ஆழமான சரிவை அது நிறுத்தாது. மலையில் வெடிப்பு தோன்றினாலோ ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலோ மாட்டை அவிழ்த்துவிட்டு மக்கள் முதலில் வெளியேற வேண்டும்.

பசு சினைப்பட்டிருக்கும்போதே குடும்பமாக உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். புல் இருந்தால் ஒரு கன்றை நன்றாக வளர்க்கலாம். புல் இல்லாமல் இரண்டை வளர்த்தால் கன்றுகளும் மெலியும், வீடும் மெலியும்.