மேடைப் பேச்சும் கோப்புக் குறிப்பும்

ஓர் அரசு என்ன முடிவெடுத்தது என்பது செய்தியில் வந்துவிடும். ஏன் எடுத்தது, என்ன தெரிந்துகொண்டு எடுத்தது என்பதை அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் உள்குறிப்புகளில்தான் தேட வேண்டும்.

1965 ஏப்ரல் 7 அன்று அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் வியட்நாம் போர் பற்றி உரையாற்றினார். எங்களுக்கென்று எதுவும் வேண்டாம், தென் வியட்நாம் மக்கள் தங்கள் நாட்டைத் தாங்களே நடத்தினால் போதும் என்றார். அமெரிக்கா கொடுத்த வாக்கு, சீனாவின் ஆபத்து ஆகியவற்றையும் குறிப்பிட்டார். எதற்கு எவ்வளவு எடை என்று மட்டும் சொல்லவில்லை.

அந்தக் கணக்கு ஏற்கெனவே கோப்பில் இருந்தது. பாதுகாப்புத் துறை அதிகாரி ஜான் மெக்நாட்டன் மார்ச் 24 அன்று எழுதிய குறிப்பில், போரின் நோக்கங்களுக்குச் சதவீதம் போட்டிருந்தார். அவமானகரமான தோல்வியைத் தவிர்ப்பது 70. அந்த நிலம் சீனாவின் கைக்குப் போகாமல் தடுப்பது 20. அம்மக்களின் நல்வாழ்வும் சுதந்திரமும் 10.

எச்சரிக்கையும் கோப்பில் இருந்தது. தரைப்படை நேரடிப் போரில் இறங்கினால் உயிரிழப்பு பெருகும், பிறகு பின்வாங்குவது மிகக் கடினம் என்று வெளியுறவுத் துறையின் ஜார்ஜ் பால் ஜூலை 1 அன்று எழுதினார். ஜூலை 28 அன்று ஜான்சன் படைபலத்தை 75,000இலிருந்து 1,25,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார். போர் முடிவதற்குள் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும் பல லட்சம் வியட்நாமியர்களும் மாண்டனர். விளைவு தெரியாமல் இறங்கிவிட்டார்கள் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

ஆனால் ஒற்றைக் குறிப்பை வைத்து ஓர் அரசின் மனத்தை அளந்துவிடக் கூடாது. மெக்நாட்டன் எழுதியது அவருடைய கணிப்பு; அதிபரின் வாக்குமூலம் அல்ல. எழுதியவர் யார், யாருக்கு, எந்தத் தேதியில், அதன்பின் எடுத்த முடிவு என்ன என்று சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் விளங்கும்.

இந்தக் குறிப்புகள் அடங்கிய பாதுகாப்புத் துறையின் ரகசியத் தொகுப்பை ஆய்வாளர் டேனியல் எல்ஸ்பர்க் வெளிக்கொணர்ந்தார். பென்டகன் ஆவணங்கள் என்ற பெயரில் அது 1971 ஜூனில் நியூயார்க் டைம்ஸில் வந்தது. நிக்சன் அரசு தடை கேட்டது. உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் மறுத்தது. 1978இல் வந்த சட்டம், அதிபரின் அலுவல் ஆவணங்களை நாட்டின் சொத்தாக்கியது. மக்களின் பெயரால் போர் தொடுக்கும் அரசு, அதற்கான உண்மைக் காரணத்தையும் மக்களிடமே ஒப்படைக்கக் கடமைப்பட்டது.