கள்வனுக்கு இட்ட பூட்டு

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் முன்னாளில் 'துண்டு' என்றொரு சீட்டு வழங்கியது. ஹட்டன் தோட்டமொன்றின் தொழிலாளி நுவரெலியாத் தோட்டத்துக்கு மாற விரும்பினால், பழைய துரையின் துண்டு கைக்கு வந்தாக வேண்டும். கடனோடு ஓடுவோரைத் தடுக்கவே அம்முறை என்றனர். ஓடும் எண்ணமே இல்லாதவரையும் அது கட்டிப்போட்டது. 1921ஆம் ஆண்டில் சட்டம் அதனை விலக்கியது.

இன்று கணினி விளையாட்டுகளிலும் அத்தகைய துண்டொன்று புகுந்துள்ளது. திருட்டுப் பிரதி பரவாதிருக்க, ஆக்கியோர் விளையாட்டினுள் ஒரு பூட்டு மென்பொருளை அமைக்கின்றனர். சிலவகைப் பூட்டுகள், ஆடுபவர் விலை கொடுத்தவர்தானா என்று இணையவழியே நிறுவனத்தின் கணினியை ஓயாது வினவும். விடை வராவிடில் ஆட்டம் நின்றுவிடும். 2010 மார்ச்சில் யூபிசாப்ட் நிறுவனத்தின் கணினிகள் முடங்கவே, 'அசாசின்ஸ் கிரீட் 2' வாங்கிய பலரால் மணிக்கணக்கில் ஆட இயலவில்லை. 2013 மார்ச்சில் வெளிவந்த 'சிம்சிட்டி'யும் இவ்வாறே இடர்ப்பட்டது. இணையமின்றி ஆடும் வசதி ஓராண்டு கழித்தே கிடைத்தது.

மழையிலும் காற்றிலும் இணைப்பு அறுந்துபோகும் மலைநாட்டு லயத்தில் இத்தகைய ஆட்டம் எத்தனை நாள் உதவும்? பூட்டை உடைத்தெடுத்த திருட்டுப் பிரதிக்கோ எவர் அனுமதியும் வேண்டுவதில்லை. இடையூறு முழுவதும் நேர்மையாளர் தலையிலேயே விழுகிறது.

உழைத்து ஆக்கியோர்க்கு ஊதியம் வேண்டும் என்பது நியாயமே. ஆயினும், வாங்கும்போது ஒருமுறை சரிபார்த்தல் போதாதா? போலந்து நாட்டின் ஜி.ஓ.ஜி. விற்பனை நிலையம் 2008 முதல் பூட்டில்லா ஆட்டங்களை விற்றுவருகிறது. விலை கொடுத்தவரை ஐயுறாமலும் வணிகம் நடைபெறும் என்பதற்கு அது சான்றாகும்.