ஊர்ப் பட்டியலை வாங்கிப் படியுங்கள்

2020 ஊரடங்கு நேரம். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் நிலமே இல்லாத பல கூலிக் குடும்பங்களின் கணக்கில் பணம் ஏறியது. கொரோனா நிவாரணம் என்றே பலர் நம்பினார்கள். வந்ததோ பி.எம். கிசான் தவணை; நிலமுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தரும் திட்டம் அது. வேளாண் துறை அலுவலகங்களின் பாஸ்வேர்டைக் கொண்டு வெளியாட்கள் பெயர்களை ஏற்றியிருந்தார்கள். தமிழகம் முழுக்க சுமார் ஐந்தரை லட்சம் போலிப் பயனாளிகள், சுமார் 110 கோடி ரூபாய் என்று அரசே கணக்குச் சொன்னது. தரகர் தன் கமிஷனை முதலிலேயே எடுத்துக்கொண்டார். ஆனால் பணத்தைத் திரும்பப் பிடித்தது, கணக்கு யார் பெயரில் இருந்ததோ அவரிடம்.

அந்தப் பெயர்களை ஊரில் யாராவது உரக்கப் படித்திருந்தால் முதல் தவணையிலேயே பிடிபட்டிருக்கும் என்று நினைக்கிறேன். யாருக்கு எந்த சர்வே எண்ணில் நிலம் என்பது ஊரார் அறிந்த சங்கதிதானே.

மானியம் யாருக்குப் போகிறது என்பதை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம். 4(1)(பி) பிரிவின் 12ஆவது உட்பிரிவு, மானியத் தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. பி.எம். கிசான் இணையதளத்தில் ஊர்வாரியாகப் பட்டியல் பார்க்கலாம். வருமான வரி கட்டுவோர், கடைநிலை தவிர்த்த அரசு ஊழியர்கள், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுவோர் இதில் சேரக் கூடாது. ஆனாலும் நாடு முழுக்க 20 லட்சத்துக்கும் அதிகமான தகுதியற்றவர்களுக்கு 1,364 கோடி ரூபாய் போனது. அவர்களில் பாதிக்கு மேல் வரி கட்டுபவர்கள். தகவல் உரிமை மனு ஒன்றுக்கு வந்த பதிலால்தான் 2021இல் இது வெளியே தெரிந்தது.

என் மனதை அதிகம் உறுத்துவது குத்தகை விவசாயியின் நிலை. சேற்றில் இறங்குபவர் அவர். பட்டா வேறொருவர் பெயரில் இருப்பதால் தவணையும் அங்கேயே போகிறது. இதில் விதிமீறல் எதுவும் இல்லை, விதியே அப்படித்தான்.

இணையத்தில் கிடைக்காத விவரத்துக்கு, வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு எழுதுங்கள். பெயர், ஊர், தொகை, தேதி கேட்டால் போதும். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் கேட்க வேண்டாம், அவை தனிநபர் ரகசியம். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி "தனிநபர் விவரம், தர முடியாது" என்று பதில் வரலாம். தனிநபர் விவரத்துக்கு விலக்குத் தரும் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவை அந்தச் சட்டம் இறுக்கியது உண்மை. ஆனால் பயனாளிகள் விவரத்தை வெளியிடச் சொல்லும் உட்பிரிவு அப்படியேதான் இருக்கிறது. பொதுநலன் கருதித் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவும் இருக்கிறது. மேல்முறையீட்டில் இரண்டையும் எழுதுங்கள்.

தகுதியிருந்தும் பெயர் விடுபட்டவர்கள் சிட்டா நகலோடு கலெக்டர் அலுவலக விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். நிலம் இல்லாமலே உங்கள் கணக்கில் தவணை வந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். வேளாண் அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்து, பணத்தைத் திருப்பிக் கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.